பதினாறாம் தேதித் தண்ணீர்

காலை ஆறு மணி. ஆற்றுக்குள் நிற்கும் அளவுகோலில் நேற்று தெரிந்த நான்கு பட்டைகள் இன்று இல்லை.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவதும் உள்ளே போனது.

மலையில் இரண்டு நாளாக மழை. இங்கே ஒரு தூறல்கூட இல்லை. வானம் ஒன்றும் தெரியாததுபோல் வெளுத்துக் கிடந்தது.

இந்தத் தண்ணீர் எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டின் மணல்திட்டுகளுக்குப் போய்ச் சேர ஒன்பது மணி நேரம் ஆகும். மூன்று மணிக்குச் சேர்ந்துவிடும்.

திட்டில் இத்ரிஸ் இருப்பான்.

இத்ரிஸ் அந்தப் பக்கத்து நிலையத்தின் ஆள். முகம் பார்த்ததில்லை. ஐந்து மாதமாகத் தினமும் ஆறேகாலுக்கு ரேடியோவில் இவன் நீர்மட்டம் சொல்வான். இத்ரிஸ் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பான். இரண்டு பேருக்கும் அரைகுறை இந்தி. இத்ரிஸ் இவனைத் தாதா என்பான். அவர்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். இது நம் ஊர் தாதா இல்லை என்று இவனுக்குப் புரிய ஒரு வாரம் ஆனது.

இரு நாட்டு ஒப்பந்தப்படி மே பதினைந்து முதல் அக்டோபர் பதினைந்து வரைதான் தகவல். ஆறும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள் போல.

நேற்று கடைசி நாள்.

கடைசி அளவு இறங்குமுகம் என்றால் அந்தப் பக்கத்து ஜனங்கள் அன்றைக்கே திட்டில் குடிசை போட்டுத் தர்பூசணி ஊன்றுவார்கள். வருஷா வருஷம் அதுதான் வழக்கம்.

இறங்குமுகம் என்று நேற்று இவன் சொன்னான். உண்மையைத்தான் சொன்னான்.

"சாயங்காலமே நிலையத்தைப் பூட்டிட்டு, பொண்டாட்டி புள்ளைங்களோட திட்டுக்குப் போயிடுவேன் தாதா," என்று இத்ரிஸ் சிரித்தான்.

ஆறு பத்துக்கு இவன் மண்டல அலுவலகத்துக்கு போன் செய்தான். மாசிலாமணி சார் எடுத்தார். இந்த வடக்கு மூலையில் தமிழில் பேசக் கிடைத்த ஒரே அதிகாரி.

"புரியுதுய்யா. ஆனா சீசன் நேத்தோட முடிஞ்சு போச்சே. நம்மளா சொன்னா பெரிய வம்பாயிடும். தலைநகர்ல கேக்குறேன், இரு."

இருந்தான்.

ஏழு. எட்டு. இன்னும் மூன்று பட்டை உள்ளே போனது.

அவன் கடைமடைக்காரன். காவிரி எல்லோருக்கும் போக மிச்சமாக வந்து சேரும் ஊர். வந்தால் மொத்தமாக வரும். ஒரு வருஷம் அப்பா நெஞ்சளவுத் தண்ணீரில் நெல்மூட்டையைத் தலையில் தாங்கிக்கொண்டு கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

"ஒரு வார்த்தை சொல்லாம தொறந்து வுட்டுட்டானுவளே, பாவிப் பயலுவ!"

ஆற்றில் மேலே இருக்கிறவன் எப்படி இருப்பான் என்று அப்போது இவன் யோசித்துப் பார்ப்பான். பெரிய மீசையோடு, தடித்தடியாக, ஈவிரக்கம் இல்லாமல்.

எட்டரைக்கு ரேடியோ அறைக்குப் போனான். நேற்று மாலை பெட்டிக்கு உறை போட்டு, நூல் கட்டி, அரக்கு முத்திரை வைத்தவன் அவனேதான். முத்திரையைத் தொட்டால் வேலை போய்விடும்.

உடைத்தான்.

"இத்ரிஸ். இத்ரிஸ், கேக்குதா?"

இரைச்சல்.

பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கூப்பிட்டான். வழக்கம்போல அளவை இரண்டு தடவை சொன்னான். திருப்பிச் சொல்ல ஆள் இல்லை. சொல்ல வேண்டியவன் விதை ஊன்றிக்கொண்டிருக்கிறான்.

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பிறகு அழுகை வந்தது.

ஒன்று நாற்பதுக்கு போன் அடித்தது.

"கையெழுத்து வாங்கிட்டேன்யா! உடனே ரேடியோவுல சொல்லிடு. அவங்க நிலையத்துக்கு மட்டுந்தான், வேற யாருக்கும் கூடாது."

"அங்க ஆள் இல்ல சார். காலையிலேர்ந்து கூப்புடுறேன். அவங்க அலுவலகத்துக்கு நீங்க சொல்லுங்க சார்."

காலையிலிருந்து என்றதை மாசிலாமணி சார் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தும் விட்டுவிட்டார்.

"அதுக்குக் கடிதம் போகணும்யா."

இரண்டு மணி அளவை எழுதப் பதிவேட்டை எடுத்தான். நேற்றைய பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில், அவனுடைய கையெழுத்திலேயே மூன்று எண்கள் இருந்தன.

நேற்று விடைபெறும்போது இத்ரிஸ், "என் போன் நம்பர் எழுதிக்கங்க தாதா, ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு எண்ணைச் சொல்ல ஆரம்பித்திருந்தான். காதில் எண் விழுந்தால் உடனே எழுதிவிடுவது இந்த வேலையில் வந்த கைப்பழக்கம். மூன்று எழுதிய பிறகுதான் விதி ஞாபகம் வந்தது. சொந்த எண் வாங்கக் கூடாது.

"வேணாம் இத்ரிஸ். மே மாசம் பேசத்தானே போறோம்," என்று அவன் தடுத்துவிட்டான்.

வெளியே இன்னொரு பட்டை முழுகியது.

செல்போனை எடுத்தான்.

ஒன்பது. நான்கு. ஒன்று.

விரல் அடுத்த எண்ணுக்காகக் காத்திருந்தது.