விசில் போடாத குக்கர்

"விசிலைப் போட்டிடாதையுங்கோ. பிள்ளை வேண்டாமெண்டு சொன்னவன்" என்றாள் சிவகௌரி.

பரமநாதன் கையில் எடுத்த விசிலைத் திரும்ப ஜன்னலில் வைத்தார். மண்டபம் அகதி முகாமின் அந்த ஒற்றை அறை வீட்டில் ஓவனுக்கு எங்கே போவது? குக்கரின் அடியில் கடல் மணலைப் பரப்பி, சூடேற்றி, அதற்குள் தகர டப்பாவை இறக்கி வேகவைப்பது ஜீவிதன் கண்டுபிடித்துச் சொன்ன வழி.

ஜீவிதனுக்குக் கனடாவில் ஒரு ரெஸ்டாரன்ட் சமையலறையில் வேலை. அங்கே போய் அவனுக்கு ரொம்பவும் பிடித்துப்போன சாப்பாடு மீட்லோஃப். கொத்துக்கறியில் முட்டையும் ரஸ்க் தூளும் போட்டுப் பிசைந்து, நடுவில் வதக்கிய வெங்காயத்தையும் சீஸையும் வைத்து மூடி, பாண் ரொட்டி மாதிரி உருட்டி வேகவைப்பது. ஒருநாள் வீடியோ காலில் அதைச் செய்து காட்டிவிட்டு, "அம்மா, உங்கட கையால ஒருக்கா சாப்பிடோணும்" என்றான்.

"பிள்ளைக்கு அந்த ஆசை இன்னும் போகேல்லை. இண்டைக்குச் செய்து போட்டோ அனுப்பட்டாம்" என்று காலையில் பரமநாதன்தான் பேச்சை எடுத்தார். சிவகௌரி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "கறி வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

ஹசன் அலி கடையில் கறியைக் கொத்தி வாங்கி, பேக்கரியில் சீஸையும் தேடிப் பிடித்து வந்தவர், "வெங்காயத்தை நான் அரியிறன்" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து கத்தியைத் தொடாத மனிதர். அரிய அரியக் கண்ணிலிருந்து கொட்டியது. துண்டால் துடைத்துத் துடைத்து அரிந்தார்.

தட்டு நிறைந்துவிட்டது. "காணுமே?" என்றார்.

"இன்னும் ரெண்டு அரியுங்கோ" என்று சிவகௌரி வெங்காயத்தை உருட்டிவிட்டாள். அதையும் முடித்தபோது இன்னும் ரெண்டு வந்தது. இத்தனை வெங்காயம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அவருக்கும் அது வேண்டியிருந்தது.

ஏனென்றால், ஜீவிதன் இப்போது இல்லை.

வேலை முடிந்து வரும்போது பனியில் கார் சறுக்கிவிட்டது. அவனோடு தங்கியிருந்த தர்சிகன்தான் போன் செய்து சொன்னான். காரியமெல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது. வீட்டில் இருப்பது ஒரே போன். அன்றிலிருந்து அது பரமநாதனின் சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை. "பிள்ளைக்கு வேலை கூடவாம். பேச நேரமில்லையாம்" என்று சொல்லி வைத்திருந்தார். ராமநாதபுரம் டாக்டர் சிவகௌரியின் இருதயத்தைப் பற்றிச் சொன்னது அவர் காதிலேயே நின்றது. அதிர்ச்சி மட்டும் கூடாது என்றிருந்தார். மகனைக் கொடுத்தாயிற்று, இவளையும் கொடுக்க அவரால் முடியாது.

ஆனால் இன்று எட்டுச் செலவு. போனவருக்குப் பிடித்ததைச் சமைத்து, கறியோ மீனோ எதுவானாலும், எட்டாம் நாள் படைத்துவிடுவது அவர்கள் ஊர் வழக்கம். பிள்ளையைப் பசியோடு அனுப்ப எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? அவன் கேட்டதோ அம்மாவின் கைச்சமையல். அவளுக்குத் தெரியாமல் அவள் கையாலேயே செய்யவைத்து, ஒரு துண்டைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் படைத்துவிட வேண்டும். இதுதான் அவர் திட்டம்.

வெங்காயம் சிறு தீயில் மெல்ல வதங்கித் தேன் நிறத்துக்கு வந்தது. பரமநாதனுக்குப் புதுப் பயம் பிடித்துக்கொண்டது. படைக்கிற சாப்பாட்டைப் படைக்கும் முன்னே யாரும் வாயில் வைக்கக்கூடாது. சிவகௌரியோ கஞ்சி வைத்தால்கூட உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்காமல் இறக்கமாட்டாள். அவள் கரண்டியை எடுக்கும்போதெல்லாம் இவருக்குத் திக்கென்றது.

நல்லவேளை, இன்று அவள் அதை மறந்துவிட்டாள். மகன் கேட்ட சாப்பாடு என்ற சந்தோஷத்தில் கை தானாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கத்தான் அவரால் முடியவில்லை.

குக்கரைத் திறந்ததும் வீடு முழுக்க மணந்தது. மேலே வெடித்த இடத்தில் சீஸ் உருகிப் பொன்னிறமாக வழிந்திருந்தது. போட்டோ எடுப்பதுபோல் போனைத் தூக்கிப் பிடித்தார். அவள் அடுப்பைத் துடைக்கத் திரும்பிய நேரத்தில் ஒரு துண்டை வெட்டி வாழையிலையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"எங்க கொண்டு போறியள்?"

"ஹசன் அலிக்குத்தான்" என்றார் திரும்பாமலே. "அவன்ர கறிதானே. உப்புக் காணுமோ எண்டு கேட்டுக்கொண்டு வாறன்."

சிவகௌரி எழுந்து வந்தாள். அவர் கையிலிருந்த இலையை வாங்கினாள். ஜீவிதனின் பள்ளிக்கூடப் படம் மாட்டியிருந்த சுவருக்குக் கீழே அதை வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தாள்.

"படைக்கிறதுக்கு ஆரப்பா உப்புப் பாக்கிறது?"