ஓடிட்டுத்தானே இருக்கு

அவன் திரையை மட்டும் அணைத்தான்.

சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்கத்து விளக்குகள் தெரியாதபடி செவ்வந்தி மாலையை இழுத்துவிட்டான்.

"எல்லாம் அணைச்சாச்சா தம்பி?"

முதலாளி வாசலில் நின்றார். கையில் கற்பூரத் தட்டு.

"ஆச்சுங்க."

வாய் கூசவில்லை.

ஆயுத பூஜை. பம்ப் கம்பெனியின் லேத்துகளையெல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் வைத்து, நிறுத்தியாகிவிட்டது. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை ஓட்டக் கூடாது. முதலாளியின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

கம்ப்யூட்டர் அறையை மட்டும் இதுவரை யாரும் நினைத்ததே இல்லை. இந்த வருஷம் முதலாளிக்குத் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது.

"அதுவும் நமக்கு ஒழைக்குதல்ல? ஒரு நாள் தூங்கட்டும்."

தூங்கினால் எழுந்திருக்காது.

அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். உள்ளே ஒரு டிஸ்க் செத்துவிட்டது. இன்னொன்று இழுத்துக்கொண்டு கிடக்கிறது. ஆர்டர், பில், ஸ்டாக், எந்த டீலருக்கு எந்த பம்ப், கம்பெனியின் மொத்த உயிரும் அதில்தான். நகல் எடுக்கப் போனால் பாதியில் திணறி நின்றுவிடுகிறது.

புதுசு வேண்டும் என்று எத்தனை தடவை கேட்டிருப்பான்! ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்.

"ஓடிட்டுத்தானே இருக்கு?"

மனுஷன் வாயில் வேறு வார்த்தையே வராதா என்று எரிச்சலாக இருக்கும். லேத்தில் சத்தம் லேசாக மாறினால் சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடுவார். இந்த அறைக்குள் ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை.

இன்று வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு.

கற்பூரச் சுடர் அலையக் கூடாதென்று ஏசியைத் தன் கையாலேயே நிறுத்தினார். உதடு அசையாமல் கற்பூரத்தை ஏற்றிக் காட்டினார். பின்னால் ஃபோர்மேன் கனகராஜ் மணியடித்தார். ஆபீஸ் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மணி நின்றது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. லேத்துகள் ஓடும்போது இந்த அறையில் வேறெதுவும் காதில் விழாது. இன்று ஒரு லேத்தும் ஓடவில்லை.

மாலைக்குப் பின்னாலிருந்து, உர்ர்ர்.

அட கடவுளே. இதை எப்படி மறந்தான்?

முதலாளி தலையைச் சாய்த்தார். எந்த மெஷினில் எந்த பேரிங் போயிருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்கிற ஆள்.

"என்னப்பா சத்தம்?" என்றார் கனகராஜ்.

"ஏசிங்க."

சொன்ன பிறகுதான் ஏசியைப் பார்த்தான். முதலாளியும் பார்த்தார்.

அவருடைய கை மாலைக்குள் போனது. சுவிட்சைத் தேடியது.

"வேண்டாங்க!"

முதலாளியின் மணிக்கட்டை அவன் பிடித்திருந்தான். எப்போது பிடித்தான் என்று தெரியவில்லை. வேலை போச்சு என்று நினைத்தான். போகட்டும், சனியன்.

"அணைச்சா எந்திரிக்காதுங்க. எல்லாமே போயிருமுங்க."

முதலாளி அவன் முகத்தைப் பார்த்தார். மிரட்டுகிறானா, நிஜமா என்று தேடினார். மாலைக்குள்ளிருந்து கையை மெல்ல வெளியே எடுத்தார்.

"கனகராஜ், எல்லாருக்கும் பொரியக் குடுத்து அனுப்பு. கதவச் சாத்திட்டுப் போ."

கதவைச் சாத்தியதும் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது.

ஒரு தரம் திக்கியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுபடி ஓடியது.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். முதலாளி பேசாதே என்று கண்ணைக் காட்டினார். தட்டைத் தரையில் வைத்தார். இரண்டு கைகளையும் கூப்பினார். இந்தத் தடவை உதடு அசைந்தது.

கற்பூரம் எரிந்து முடிந்தது.

கூப்பிய கையை அவர் இறக்கவில்லை.