உபயம்: தவளை

அக்கரை அணில், கல்யாணத்துக்குப் போகும்போது தன் கொட்டாங்குச்சிப் படகை இக்கரைத் தவளையிடம் ஒப்படைத்தது. "பத்திரமா பார்த்துக்க தம்பி."

அன்றைக்கே வெள்ளம். தத்தளித்த எறும்புகளைப் பார்த்ததும் தவளைக்கு மனசு கேட்கவில்லை. "இனிமே இது உங்களுக்குத்தான்" என்று படகைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. பூரித்துப்போன எறும்புகள் படகில் சுண்ணாம்பால் 'உபயம்: தவளை' என்று எழுதின. தவளையும் வேண்டாமென்று சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்ததும், அக்கரையில் குட்டிகள் பசியோடிருக்குமே என்று பதறி ஓடிவந்தது அணில்.

"ஏறுங்கக்கா, தவளையண்ணன் தானமாக் கொடுத்த படகு!" என்றன எறும்புகள்.

அணில் எழுத்தைப் பார்த்தது. தவளையைப் பார்த்தது. தன் படகிலேயே ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்து, "நல்ல மனசு உங்க அண்ணனுக்கு" என்றது.

தவளைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பொத்தென்று தண்ணீரில் குதித்துப் படகைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே, ஈரக் கையால் எழுத்தைத் தேய்த்தது. அக்கரை சேர்ந்தபோது 'உபயம்' மட்டும்தான் மிச்சமிருந்தது.