நாற்பத்தொரு தப்பு

“படகுக்காரன் பொண்டாட்டிக்கே படகு தெரியலைன்னா வேற யாருக்கும்மா தெரியும்?”

செக்கிங் அக்கா போட்ட சத்தத்தில் அறையில் இருந்த இருபது பேரும் கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். திட்டு வாங்கிய அவளுடைய தம்பி மனைவி மட்டும் தலையைத் தூக்கவில்லை.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. திரையில் கடல் படம் வரும். படகு இருந்தால் அதைச் சுற்றி மஞ்சள் கட்டம் போட வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் ‘அலை’ என்று அமுக்க வேண்டும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர்கள்கூடச் செய்யலாம். அக்காவே அப்படி வந்தவள்தான். கடுகளவு படகைக்கூட விடாத கண் என்பதால், மற்றவர்கள் போட்டதைச் சரிபார்க்கும் நாற்காலிக்கு வந்திருந்தாள்.

தம்பி மனைவியை இங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான். அதுதான் இப்போது அவள் தலையிலேயே விடிந்தது. ஒரே மாதத்தில் நாற்பத்தொரு தப்பு! நாற்பத்தொரு படகை அலை என்று அமுக்கி வைத்திருக்கிறாள்.

“இதோ பாரு, பச்சைப் படகு. கையை நீட்டினா தொட்டுடலாம் போல இருக்கு. இது உனக்கு அலையா?”

“கண்ணு அசந்துடுச்சு அண்ணி.”

“நாற்பத்தொரு தடவையா அசரும்? வீட்டுப் பொண்ணுன்னு மூடி மறைக்கிறீங்களான்னு மேனேஜர் என்னைக் கேக்குறாரு. உன்னால என் பேரும் சேர்ந்து நாறுது.”

“எழுதிக் குடுத்துடுங்க அண்ணி. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

அந்தப் பதிலில்தான் அக்காவுக்கு உச்சந்தலை சூடேறியது. தம்பிக்கு ஒரு நாள் மீன் கிடைக்கும், நாலு நாள் வெறும் வலைதான் வரும். இவள் வேலையை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. அதைப் போய் இப்படித் தூக்கி எறிகிறாளே!

“சின்னப் படகு மேல பெரிய கப்பல் மோதிடக் கூடாதுன்னுதானே இத்தனை படமும் பாக்குறோம்? நாளைக்கு உன் புருஷன் படகு மேலயே ஒரு கப்பல் ஏறினா என்ன பண்ணுவே?”

தம்பி மனைவி இப்போதுதான் நிமிர்ந்தாள்.

“அப்படின்னு யார் அண்ணி சொன்னது?”

“பின்னே வேற எதுக்காம்?”

“படத்தோட அடியில எப்பவாவது பாத்திருக்கீங்களா?”

அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு குழாயின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. எல்லாப் படத்திலும் இருப்பதுதான்.

“கப்பல்ல ஆயிரம் குழாய் இருக்கும். நமக்குப் படகு போதும். பேச்சை மாத்தாதே!”

அன்று மதியமே அக்கா நாற்பத்தொரு படத்தையும் திறந்து, ஒவ்வொன்றிலும் தன் கையாலேயே கட்டம் போட்டாள். மேனேஜருக்கு எழுதியும் கொடுத்தாள். தம்பி மனைவி சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, “வரேன் அண்ணி” என்று சொல்லி வேலையை விட்டுப் போனாள்.

“சொந்தம்னு பாக்கலையே நீங்க! உங்களை மாதிரி பத்துப் பேர் இருந்தா போதும்மா” என்றார் மேனேஜர். அக்காவுக்கு அன்றைக்கு அது ஆறுதலாக இருந்தது.

மூன்று மாதத்தில் வேலை முடிந்தது. எல்லோரையும் கூட்டி கேக் வெட்டினார்கள்.

“எதுக்காக இத்தனை நாள் கட்டம் போட்டீங்கன்னு இன்னிக்குத்தான் காட்டச் சொல்லி உத்தரவு வந்திருக்கு” என்று மேனேஜர் பெரிய திரையைப் போட்டார்.

அதே கடல். அடியில் அதே சாம்பல் குழாய். படம் மெல்ல விலகிக்கொண்டே போக, குழாய் நீண்டுகொண்டே வந்தது. கடைசியில் போர்க்கப்பலின் முன்தளம் முழுசாகத் தெரிந்தது.

அது குழாய் இல்லை. பீரங்கி.

“பக்கத்துல ஒரு ஆள்கூட இல்ல, பாத்தீங்களா? எல்லாம் நீங்க குடுத்த கண்ணு! அதுவே தேடும், அதுவே திரும்பும், அதுவே சுடும்.”

தூரத்தில் ஒரு சின்னப் படகு. அதைச் சுற்றி மஞ்சள் கட்டம் விழுந்தது. அக்கா போடும் அதே கட்டம். பீரங்கி தானாகத் திரும்பியது. படம் ஒரு முறை அதிர்ந்தது.

கட்டம் அப்படியே இருந்தது. உள்ளே படகு இல்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா வாய்க்குக் கொண்டுபோன கேக்கைத் தட்டிலேயே வைத்தாள்.

“சார்... அந்தப் படகுல...”

“சோதனைக்கு விட்ட வெறும் படகும்மா. ஏன் இப்படிப் பதறுறீங்க?”

“ஆள் இருந்தா?”

மேனேஜர் சிரித்தார். “அதுக்குப் படகு மட்டும்தாம்மா தெரியும். ஆளைப் பாக்க நாம எங்க சொல்லிக் குடுத்தோம்?”

அக்கா தட்டைக் கீழே போட்டுவிட்டுத் தன் இடத்துக்கு ஓடினாள். அந்தப் பழைய நாற்பத்தொரு படங்களைத் திறந்தாள்.

பச்சைப் படகு. அதன் ஓரத்தில் குனிந்து ஒருவன் வலை இழுத்துக்கொண்டிருந்தான். அடுத்த படகில் இரண்டு பேர். அதற்கடுத்ததில் ஒருவன் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

தம்பி மனைவி பார்த்த மற்றப் படங்களையும் திறந்தாள். ஆளில்லாமல் நின்ற படகுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒன்றைக்கூட அவள் தவறவிட்டிருக்கவில்லை.

ஆள் இருந்த நாற்பத்தொன்றை மட்டும்தான் அலை என்று சொல்லி ஒளித்து வைத்திருந்தாள். ஒன்று விடாமல் தேடிக் கண்டுபிடித்து, பீரங்கிக்குக் காட்டிக் கொடுத்திருந்தாள் அக்கா.