பேச்சியம்மாவின் தோட்டம்

"ஐயா, இந்த இலையை ஒருக்கா பாருங்க. எல்லாம் சுருண்டு போச்சு."

பேச்சியம்மா மிளகாய் இலையை மேசையில் வைத்தார். சண்டையால் இடம்பெயர்ந்த விவசாயப் பயிற்சிக் கல்லூரி, தர்மபுரத்தில் ஓர் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்தது. மாணவர்கள் வருவது நின்றுவிட்டது. போதனாசிரியர் குணநாயகம் மட்டும் தனியே இருந்தார்.

"சாறு உறிஞ்சிற பூச்சி, அம்மா. வேப்பங்கொட்டையை இடிச்சு ஊறவைச்சுத் தெளியுங்கோ. போன கிழமை சொன்னதைச் செய்தனீங்களோ?"

"செஞ்சேங்க. கொஞ்சம் பரவாயில்ல."

பிறகு குணநாயகம் தேநீர் போடுவார். இந்தியாவுக்குப் படகேறிய தன் மகனைப் பற்றியும் மழையைப் பற்றியும் வெயில் சாயும்வரை பேசிவிட்டுத்தான் பேச்சியம்மா போவார். கிழமைதோறும் இப்படித்தான்.

ஒருநாள் குணநாயகம் ஒரு கட்டு மிளகாய்க் கண்டுகளை எடுத்து நீட்டினார்.

"நல்ல கண்டுகள். கொண்டுபோய் நடுங்கோ."

பேச்சியம்மா வாங்கவில்லை. கண் கலங்கியது.

"எனக்குத் தோட்டமே இல்லீங்க ஐயா. உருத்திரபுரத்துல இருந்த காணியில இப்ப ஆமி நிக்குது. இந்த இலையெல்லாம் உங்க கொட்டிலுக்குப் பின்னால பிடுங்கினது. பேச ஆளில்லாமத்தான் இங்க வாறேன்."

"தெரியும் அம்மா. நான் தண்ணி ஊத்துற கண்டு எனக்குத் தெரியாதே? உங்கட கொட்டில் வாசல்ல நடலாமெண்டுதான் இதைத் தாறன்."

"அப்ப ஏங்க ஐயா ஒவ்வொரு தடவையும் மருந்து சொன்னீங்க?"

குணநாயகம் வெளியே பார்த்தார்.

"சொல்லாட்டி நீங்கள் எழும்பிப் போயிடுவியள். பிறகு நான் ஆரோட கதைக்கிறது?"