லாடத்தின் கேள்வி

கேப்டன் ஞானமுத்துவின் பழைய ரிவால்வர் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் தனியாகக் கிடந்தது. ஒருநாள் அதன் பக்கத்தில் ஒரு குதிரை லாடத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"அண்ணே, போர்ல எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று லாடம் ஆசையாகக் கேட்டது.

"ஒருத்தரையும் இல்லை தம்பி. நான் வெடிச்சதே ஒரே தடவைதான்."

"நான் கேப்டனோட குதிரை சிங்காரி கால்ல இருந்தேன். மலைச்சரிவுல அவ கால் ஒடிஞ்சு விழுந்தப்போ கழன்று உருண்டுட்டேன். அப்புறம் கேப்டன் தேடி வந்து என்னை எடுத்தப்போ தேம்பித் தேம்பி அழுதாரு. சிங்காரிக்குக் கால் சரியாச்சாண்ணே?"

கால் ஒடிந்த குதிரையை அதில் சவாரி செய்தவரே சுட வேண்டும் என்பது அந்தப் படையின் வழக்கம். தான் வெடித்த அந்த ஒரே தடவை ரிவால்வருக்கு நினைவு வந்தது.

"வலி நின்னுடுச்சு தம்பி," என்றது.

"அப்பாடா!" என்றது லாடம்.