இரண்டு தட்டு

ஜியு ஜிட்சு என்கிற மற்போரில் பிடிபட்டவர் இரண்டு முறை தட்டினால், தோற்றுவிட்டேன், விடு என்று அர்த்தம். பதக்கம் வாங்கிய நாட்களிலும் சரி, பயிற்சியாளரான பிறகும் சரி, தட்டியவரை ரெக்சலின் ஒருநாளும் பிடித்துவைத்ததில்லை. மீட்டிங் என்று போய் ஒரு நாள் தாமதமாகத் திரும்பிய கணவன் ஜெபசிங்கை வாசலிலேயே கட்டிக்கொண்டாள். அவன் அவள் முதுகில் இரண்டு முறை தட்டினான். அவள் கைகள் தாமாக விலகின.

"ஏன் விட்டுட்ட?"

"நீங்கதானே தட்டுனீங்க?"

"அட, அது பாசத்துல தட்டுனது."

பிடி இறுகும் முன்பே தட்டுகிற மாணவர்களை அவள் பார்த்திருக்கிறாள். எங்கோ ஒரு காயத்தை மறைத்துக்கொண்டு வந்திருப்பார்கள்.

மறுபடி கட்டிக்கொண்டாள். மறுபடி தட்டினான். இந்த முறை அவள் விடவில்லை.

"எங்க வலிக்குது? சொல்லுங்க."

அவன் தட்டிக்கொண்டே இருந்தான்.